டாலி ஆச்சு... ஸ்டார்ட் ஆகலே!

பி.காம். படித்தவன் காரின் பானெட்டைத் திறக்கலாமா? தாராளமாகத் திறக்கலாம். எந்தச் சட்டத்திலும் தடையில்லை. மூடிய பிறகுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. 1992 மாடல். க்ரீம் கலர். (க்ரீம் என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும். 'ஐவரி' என்று சொல்ல வேண்டும்.) 1089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், இழுத்துவிட ஒரு சோக். கம்பெனி இந்த வண்டியைத் தயாரிப்பதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பம்பாய் டாக்ஸி என்றால் இதுதான் என்றிருந்த ஊரிலேயே, கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு ரிட்டயர் ஆகிவிட்டது. எங்கள் திருச்சி வீட்டில் இருப்பது மட்டும் ரிட்டயர் ஆக மாட்டேன் என்று போர்டிகோவில் குந்திக்கொண்டிருக்கிறது.

அப்பா இதை லோன் போட்டுப் புதுசாக வாங்கியபோது எனக்கு மூணு வயசு. அவருக்கு ஆபீஸில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக். காலை ஆறு மணிக்குக் கைலி, பனியனோடு பானெட்டுக்குள் தலையை விட்டால் பத்து மணிக்கு இட்லி ஆறிப்போன பிறகுதான் வெளியே எடுப்பார். பிளக்கைக் கழற்றிச் சுரண்டுவார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். இடைவெளி சரியா என்று பார்க்க யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை உள்ளே நுழைத்துப் பார்ப்பார்.

என் வேலை டார்ச் பிடிப்பது. அப்பாவுக்கு டார்ச் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், உலகத்திலேயே கஷ்டமான உத்தியோகம் அதுதான். நாம் அடிக்கிற இடத்தில் அவர் வேலை இருக்காது. "எங்கேடா அடிக்கிறே? இங்கே அடிடா! மூஞ்சியிலே அடிக்காதே!" ஏழு வயசிலிருந்து பதினேழு வயசு வரை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதில் எஞ்சின் பற்றி ஒரு எழுத்தும் கற்றுக்கொள்ளவில்லை.

2019 வாக்கில் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என் மனைவி மட்டும் ஒருநாள் முதல் அவருக்குக் காபி டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறாள். அவரும் ஏன் பாதி என்று கேட்டதில்லை. குடித்து முடித்ததும் இன்னொரு பாதி வரும். சாவியும் மெதுவாக என் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும் கடையை மூடிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூனில் வண்டிக்கு முப்பது வயசு. பதினைந்து வருஷம் ஓடின வண்டி என்றால் அதற்குப் பிறகு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் ஏப்ரலில்தான் அதற்கான கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5000 ஆக்கியிருந்தார்கள். என் தங்கை வீட்டுக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். "அஞ்சாயிரம் கட்டணம், இன்ஷூரன்ஸ், அப்புறம் நாலு டயர்... எதுக்கு மச்சான்? பேசாம எடைக்குப் போட்டுடுங்க." காயலான் கடையில் விலையும் விசாரித்து வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். கையில் கால்குலேட்டர் இருந்தால் கொஞ்சம் அப்படி.

அப்பாவைக் கேட்டோம். "உங்க இஷ்டம்" என்றார். அதை எந்த மாதிரி சொன்னார் என்று எனக்குத் தெரியும். பணத்தைக் கட்டி, திங்கட்கிழமைக்கு நாள் வாங்கிவிட்டேன்.

புதன்கிழமை வண்டி விக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் உதறும், கிளம்பும்போது இருமும். பாயின்ட் தேய்ந்திருக்கும் என்றார் அப்பா. புது பாயின்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர் எல்லாம் பாலக்கரைப் பக்கம் அலைந்து தேடி வாங்கி வந்தேன். இந்த வண்டி தெரிந்த பழைய மெக்கானிக் ஒரு பாய் இருந்தார். அவர் காலமாகி நாலு வருஷம். சரி, நாமே மாட்டிவிடலாம், வீடியோவில்தான் எல்லாம் சொல்லித் தருகிறார்களே!

பானெட்டைத் திறந்தேன். அப்பா உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். "தள்ளு, பாயின்ட் நான் மாட்டறேன்" என்றார். மூணு வருஷத்துக்குப் பிறகு அவர் தொட்ட ஸ்க்ரூ டிரைவர். பாயின்ட்டைப் பிடித்திருக்கும் திருகு கடுகு சைஸ். கழன்று வந்தது... கை ஒரு உதறு உதறியது... திருகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே விழுந்துவிட்டது.

தங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று 'ச்சு' கொட்டினார். வெயில் வேறு. நான் சொன்னேன்:

"நீங்க போய்ப் பேசாம உட்காருங்கப்பா. நான் பார்த்துக்கறேன்."

சத்தம் போடவில்லை. சின்னக் குழந்தை சாமான் உடைத்தால் ஒரு குரலில் சொல்வோமே, அந்தக் குரல். அப்பா ஸ்க்ரூ டிரைவரை மட்கார்டு மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய் ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

உள்ளே விழுந்த திருகை எடுக்க டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதாயிற்று. விழுந்தது. சந்தோஷம். ஆனால் அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்கு மணல் லாரி வந்தது. வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள். ஹேண்ட் பிரேக் சரியில்லாததால் எப்போதும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவோம். அதை மறந்து நாலு பேர் சேர்ந்து முக்கி முனகித் தள்ளினோம். வண்டி 'புஸ்... புஸ்...' என்று நகர்ந்தது. வயசான வண்டி, மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். கியரில் இருந்த வண்டியைத் தள்ளினால் சக்கரத்தோடு எஞ்சினும் சுற்றும் என்பது டார்ச் பிடித்த பத்து வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திரும்ப மாட்டும்போது வீடியோவில் சொன்னபடியே செய்தேன். முன்னால் கப்பியில் ஒரு மார்க் இருக்கும், அதை நேராகக் கொண்டுவா. ரோட்டாரை ஒண்ணாம் நம்பர் பிளக் ஒயருக்கு நேராக வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை உட்கார வை. வைத்தேன். மூடினேன். சாவியைத் திருப்பினேன்.

கிர்ர்... கிர்ர்... டப்!

கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி. ஒரு குட்டிப் புகை. அவ்வளவுதான். மறுபடி கிர்ர்... டப்! சைலன்ஸரிலிருந்து பதிலுக்கு ஒரு டுப்! தெருநாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

அன்று ஆரம்பித்து சனிக்கிழமை வரை நான் பட்ட பாடு இருக்கிறதே!

வண்டி கிளம்பாவிட்டால் மூணே மூணைத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள்: பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் விட்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். பெட்ரோல் சளக் சளக்கென்று கொட்டியது. பெட்ரோல், டிக். பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி எஞ்சின் மேல் படுக்க வைத்துத் திருப்பினால், பளிச்சென்று நீலப் பொறி. (ஒயரை நான் பிடித்திருந்த விதத்தில் எனக்குள்ளும் பொறி. முழங்கை வரை பாய்ந்தது.) பொறி, டிக். பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து எஞ்சினைச் சுற்றவிட்டால் காற்று விரலைத் தூக்கி அடிக்கிறது. நாலு சிலிண்டரிலும் அப்படியே. அழுத்தம், டிக்.

மூணும் சரி. வண்டி மட்டும் டப்!

பிளக் எல்லாம் பெட்ரோலில் குளித்து ஈரமாகியிருந்தன. காயவைக்க காஸ் அடுப்பில் சுட்டேன். அந்த விவரத்தை மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் இங்கே விரிவாக எழுதவில்லை. பேட்டரி ஒருநாள் பூரா கிர்ர் போட்டுப் படுத்துவிட்டது. சார்ஜ் போட்டு எடுத்து வந்தேன். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அபிப்பிராயம் இருந்தது. பால்காரர் 'காயில்' என்றார். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் "அந்தக் காலத்துலே ஜீப்புலே இப்படி ஆனப்போ ஏர் லாக்" என்றார். அயர்ன்காரர் எலுமிச்சம்பழம் சுற்றச் சொன்னார். (சுற்றினேன். நாலு.)

வெள்ளிக்கிழமை ஒரு இளம் மெக்கானிக்கை அழைத்து வந்தேன். கையில் டிபன் பாக்ஸ் மாதிரி ஸ்கேனர். டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து ரொம்ப நேரம் தடவினார்.

"சார், இதுலே ஓபிடி போர்ட் எங்கே சார்?"

"அப்படின்னா?"

"இதைச் சொருகினா வண்டி தானாவே என்ன கோளாறுன்னு சொல்லும் சார்."

"இந்த வண்டி பேசாதே தம்பி."

அவர் போர்டிகோவைச் சுற்றி நாலு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, காசு வாங்க மறுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தபடி, "இப்ப திருப்பு" என்று மனைவியிடம் சொன்னேன். இதை நீங்கள் யாரும் வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். டப்போடு ஒரு ஜ்வாலை. இடது புருவம் பாதி போச்சு. ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். வேறு சேதம் இல்லை. தங்கை வீட்டுக்காரர் ஃபோனில், "மச்சான், காயலான் கடைக்காரர் திங்கட்கிழமை வண்டி அனுப்பறேங்கறார். கிரேனோட" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. 'சரி, பார்க்கலாம்' என்றேன். ஈஸிசேருக்கு அது கேட்கும் தூரம்.

சனிக்கிழமை சாயந்திரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் கணக்குதான். அதில் யோசித்தேன். பெட்ரோல் சரி, பொறி சரி, அழுத்தம் சரி. டிரையல் பேலன்ஸ் ஒரு பைசா பாக்கி இல்லாமல் டாலி ஆகிறது. ஆனால் கணக்கு தப்பு. காலேஜில் ஒரு பாடம் உண்டு: டிரையல் பேலன்ஸில் பிடிபடாத தவறுகள். பரீட்சைக்குக் கட்டாயம் வரும். அதில் ஒன்று, பற்று வைக்க வேண்டியதை வரவிலும், வரவு வைக்க வேண்டியதைப் பற்றிலும் அப்படியே தலைகீழாகப் பதிந்துவிடுவது. இரண்டு பக்கமும் கூட்டினால் கச்சிதமாகச் சமமாக வரும். தப்பு இருப்பதே தெரியாது. அது எந்தப் பதிவில் நடந்தது என்று தெரிந்த ஒருத்தர் வந்து சொன்னால்தான் உண்டு.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மூணு நாளாக நான் ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும், டப் என்று கேட்டதும், ஈஸிசேரில் பேப்பர் ஒரு அங்குலம் கீழே இறங்கும். அப்புறம் மேலே போய்விடும். பார்த்திருக்கிறேன். பார்த்தும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எழுந்து போனேன். "அப்பா... கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பேப்பரை மடித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "டார்ச் எங்கே?" என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டார். வெளிச்சம் எஞ்சின் மேல் நில்லாமல் ரேடியேட்டர், பேட்டரி, என் கை, என் மூஞ்சி என்று உலாத்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம் வருகிற இடத்தில் வேலையை வைத்துக்கொண்டேன்.

"நாலு பிளக்கையும் கழட்டு. டாப் கியர்லே போடு. ஒண்ணாம் நம்பர் ஓட்டையிலே கட்டை விரலை வை. பின்னாலேர்ந்து மெதுவாத் தள்ளச் சொல்லு."

மனைவியும் தாசில்தாரும் தள்ளினார்கள். நான் விரலை ஓட்டையில் வைத்துக்கொண்டு எஞ்சினோடு கூடவே நடந்தேன். எங்கள் தெருவில் அன்றைக்கு சீரியல் யாரும் பார்க்கவில்லை.

"மார்க் நேரா வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சு."

"விரல்லே காத்து தள்ளித்தா?"

"இல்லையே!"

"இன்னும் ஒண்ணரை அடி தள்ளுங்கோ சார்... மெதுவா..."

ஒண்ணரை அடி நகர்ந்ததும் விரலைக் காற்று 'புஸ்' என்று தூக்கியது. மார்க் மறுபடியும் நேராக வந்து நின்றது.

"இதான் உன் ஒண்ணாம் நம்பர் நேரம். இப்ப மூடியைத் திறந்து ரோட்டார் எங்கே பார்த்துக்கிட்டிருக்குன்னு பாரு."

பார்த்தேன். நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது!

கடிகாரத்தில் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் பன்னிரண்டில் நிற்கின்றன. மதியமா, நடுராத்திரியா? முள்ளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதுவும் அதேதான். பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை. ஒருதரம் பெட்ரோல் காற்றை அழுத்திக்கொண்டு, ஒருதரம் எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு. கப்பி மார்க் இரண்டு தடவையும் நேராக வரும். டிஸ்ட்ரிபியூட்டர் அந்த இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஒரு சுற்றுதான் சுற்றும். மணல் லாரிக்காகத் தள்ளியபோது எஞ்சின் சுற்றிப்போயிற்று. நான் மார்க்கைப் பார்த்து மாட்டியது நடுராத்திரிப் பன்னிரண்டு. ஒண்ணாம் சிலிண்டர் வாயை மூடி நெருப்புக்குக் காத்திருக்கும்போது பொறி நாலாம் நம்பருக்குப் போகிறது. புகையை விட்டுவிட்டு, பெட்ரோலை உறிஞ்ச வாயைத் திறக்கும்போது இங்கே பொறி வருகிறது. டப்பென்று கார்புரேட்டர் வழியாகத் துப்பாமல் என்ன செய்யும்?

"டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்பக் கழட்டணுமாப்பா?"

"எதுக்கு? வெடிக்கிற வரிசை என்ன? 1, 3, 4, 2. ஒண்ணையும் நாலையும் மாத்து. ரெண்டையும் மூணையும் மாத்து."

பிளக்கைப் போட்டு இறுக்கினேன். நாலு ஒயர். அரை நிமிஷம். உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கிர்ர் என்று ஆரம்பித்தது முடியவில்லை, அதற்குள் பிடித்துவிட்டது. பழைய தையல் மெஷின் சத்தம். தாசில்தார் கை தட்டினார். மனைவி, "அப்பாடா, இனிமே என் அடுப்பு எனக்கு" என்றாள்.

இறங்கி வந்தேன். அப்பா இன்னும் டார்ச்சை அணைக்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளி நின்று காது கொடுத்தார்.

"உங்களுக்கு எப்பவே தெரியும்?"

"முதல் டப்பிலேயே. தொண்ணூத்தாறிலே நானும் இதேதான் பண்ணேன். பாய் வந்துதான் மாத்திக் கொடுத்தார்."

"சொல்லியிருக்கலாமேப்பா... மூணு நாள்..."

"பேசாம உட்காரச் சொன்னியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, "கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் குடு. டைமிங் ஒரு நூல் தள்ளி இருக்கு போலே" என்றார். நான் போய் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அப்பாவை முன்ஸீட்டில் உட்கார வைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப் போனேன். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், லைட், பிரேக் எல்லாம் பார்த்தார்கள். ஹாரன் மட்டும் அடிக்கவில்லை! எனக்கு வயிறு கலங்கியது. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பானெட்டைத் திறந்து அந்த ஒயரை ஒரு அழுத்து அழுத்து" என்றார். அழுத்தினேன். அடித்தது. ஆபீஸர் என் புருவத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். அஞ்சு வருஷம் கொடுத்துவிட்டார். அடுத்தது 2027-ல்.

தங்கை வீட்டுக்காரர் காயலான் கடைக்காரருக்கு என்ன சமாதானம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை ஒழுங்காகத் திருப்பி மாட்டிவிடலாம் என்று நான் பிறகு சொன்னபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடுதில்லே? விடு." ஆனால் நாளைக்கு வேறு யாராவது திறந்தால் குழம்புவார்களே என்று, மூடி மேல் வெள்ளைப் பெயின்ட்டால் புது நம்பர் எழுதச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுதினேன். டார்ச் அவர்தான் பிடித்தார். அதில் '3' மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.